மூன்று கால் கணக்கு

சென்ற வாரம் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஆட்டுக்குத் தப்பையிலேயே கால் கூடிவிடுகிறது. பந்தயக் குதிரைக்குக் கால் போனால் மட்டும் ஏன் கொன்றுவிடுகிறார்கள்?"

நியாயமான கேள்விதான். எலும்பை ஒட்டவைப்பது டாக்டர் இல்லை, அது தானே ஒட்டிக்கொள்ளும். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி, நார் படர்ந்து, குருத்தாகி, பிறகு எலும்பாக இறுகும். முனைகளை நேராக வைத்து, அசையாமல் பிடித்து, ரத்த ஓட்டம் கெடாமல் பார்ப்பது மட்டுமே நம் வேலை. அசையாமல் பிடிக்க, முறிவுக்கு மேலே உள்ள மூட்டையும் கீழே உள்ள மூட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தொடை எலும்புக்கு மேல்மூட்டு இடுப்பு. அங்கே கட்டு நிற்காது, நழுவி இறங்கிவிடும். அதனால் தொடை முறிந்த நாய்க்கு உள்ளே கம்பியோ பிளேட்டோதான். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிய நாய்கள் என்னிடம் வந்திருக்கின்றன. கட்டு முழங்காலில் தொங்கும், முறிவு அதற்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும்.

ஆடு, கட்டிய காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டி மேயும், அலுத்தால் படுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரை பெரும்பாலும் நின்றபடியே நாளைக் கழிக்கிற பிராணி. அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

பார்பரோ 2006 மே 6 அன்று கென்டக்கி டெர்பியை வென்ற குதிரை. இரண்டே வாரத்தில் பால்டிமோரில் பிரீக்னஸ் பந்தயம். கதவு திறக்கும் முன்பே முட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரண்டாம் முறை ஓட்டம் தொடங்கிச் சிறிது தூரத்திலேயே வலது பின்னங்கால் போயிற்று. குளம்புக்கு மேலே உள்ள எலும்பு மட்டுமே 20 துண்டுகளுக்கு மேல். மறுநாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் டீன் ரிச்சர்ட்சன் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்று அறுவை செய்தார். ஒரு பிளேட், 27 திருகுகள். திருகின் தலையும் பிளேட்டில் மரையேறிப் பூட்டிக்கொள்ளும் வகை அது.

அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. மயக்கம் தெளியும் குதிரை உதைத்துக்கொண்டு எழும். ஒரே உதையில் அத்தனை திருகும் வீண். அதனால் நான்கு கால்களும் தொங்கும்படி ஒரு ரப்பர் படகில் அதைக் கிடத்தி, வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டார்கள். உதைத்தாலும் தண்ணீரைத்தான் உதைக்கும்.

முறிந்த கால் தேறிக்கொண்டுதான் வந்தது. ஜூலையில், நல்ல கால் என்று நினைத்திருந்த இடது பின்னங்காலில் லேமினைட்டிஸ் கண்டது. குளம்பை உள்ளெலும்போடு பிணைக்கும் மெல்லிய அடுக்குக்கு, கால் மாற்றி மாற்றி ஊன்றினால்தான் ரத்தம் சரியாகப் போகும். ஓயாமல் பாரம் தாங்கிய காலில் அது அழன்று, பிணைப்பு விட்டுவிட்டது. குளம்புச் சுவரில் 80 சதவீதத்தை வெட்டியெடுத்தார்கள். கடைசியில் முன்னங்கால்களுக்கும் அதே நோய் வந்தது. ஊன்ற ஒரு நல்ல கால் இல்லை. 2007 ஜனவரி 29 அன்று ஊசி போட்டு விடைகொடுத்தார்கள்.

கட்டுப் போட்ட மாட்டைப் பார்க்கப் போனால் நான் முதலில் குனிவது எதிர்க்காலுக்குத்தான். குளம்பு கதகதவென்று சுட்டால், கட்டைப் பிரிப்பதற்கு முன்பே தரையில் இன்னும் ஒரு சாண் வைக்கோல் போடச் சொல்லிவிடுவேன்.

கன்று ஈனும்போது கயிறு கட்டி இழுத்து முறிகிற கால்களைப் பற்றி அடுத்த வாரம்.