தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வண்டி வழியில் கொதித்து நின்றால், பல பட்டறைகளில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க?' என்பார்கள். நம்பாதீர்கள். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் மடை அது. மடை இல்லாத இன்ஜின் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவையும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து, விசிறியில் கை படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொடுங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்திருந்து, சட்டென்று சுட்டால் வால்வு வேலை செய்கிறது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால், திறந்தபடியே சிக்கியிருக்கிறது. முள் சிவப்பை நெருங்கியும் ஹோஸ் சுடவில்லையா? மூடியபடி சிக்கியிருக்கலாம். உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஹெட் கேஸ்கெட் போனால் செலவு பல மடங்கு.

கழற்றிய வால்வைக் கம்பியில் கட்டி, அடுப்பிலுள்ள தண்ணீரில் தொங்கவிடுங்கள். பல வால்வுகள் 80 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கும். அந்த அளவு வால்விலேயே பொறித்திருக்கும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால், அதே அளவுள்ள புதிய வால்வை மாற்றுங்கள். திறந்துவிட்டால், அடுத்து வாட்டர் பம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.