மீசையும் மனப்பதிவும்

அரபு மொழியில் மீசைக்கு ‘ஷாரிப்’ என்று பெயர். ‘பருகுவது’ என்பது அதன் நேர்ப்பொருள். அருந்தும் நீரில் முதலில் நனைவது அதுதானே! மீசையைக் குறைப்பதற்கு உலமாக்கள் கூறும் காரணங்களுள் தூய்மையும் ஒன்று என்பதை இப்பெயரே உணர்த்திவிடுகிறது.

மீசையைக் கத்தரிப்பதை ஃபித்ரத் எனும் இயற்கை நெறியின் செயல்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. 40 நாட்களுக்கு மேல் விட்டுவிடலாகாது என்னும் வரம்பு அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. எவ்வளவு குறைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒட்டக் குறைப்பதே சிறப்பு என்றார்கள் ஹனஃபி அறிஞர் தஹாவீ (மறைவு: ஹிஜ்ரி 321). உதட்டின் ஓரம் தெரியுமளவு கத்தரித்தால் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (மறைவு: ஹிஜ்ரி 676) அவர்களின் முடிவு. மதீனாவின் இமாம் மாலிக் (மறைவு: ஹிஜ்ரி 179) அவர்களோ, அடியோடு மழிப்பதை உருவச் சிதைப்பு என்றே கண்டித்தார்கள், தம் மீசையின் இரு முனைகளையும் நீள விட்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சான்று உமர் (ரலி) அவர்களின் வழக்கம். சினம் மேலிட்டால் உமர் (ரலி) அவர்கள் மீசையை முறுக்கியபடி மூச்சை ஊதி விடுவார்களாம்.

இச்செய்தியைப் பாடத்தில் ஓதும்போதெல்லாம் மாணவர்கள் சிரித்துவிடுகிறார்கள். முறுக்கு மீசை என்றதும் அவர்கள் மனத்தில் எழுவது திரைப்பட வில்லனும் ஊர்ச் சண்டியரும்தான். மீசை தரும் மனப்பதிவு அத்தனை நிலையற்றது. 1914 முதல் சாப்ளினின் முகத்தில் உலகைச் சிரிக்க வைத்த சிறு மீசை, ஹிட்லருக்குப் பின் அச்சத்தின் அடையாளமாகிவிட்டது. பிரிட்டிஷ் ராணுவத்திலோ 1916 வரை மேலுதட்டை மழிப்பதே விதிமீறல்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வானேன்? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிவாசலில், முறுக்கிய மீசையுடன் முதல் ஸஃப்பில் வந்து நின்ற இளைஞர் ஒருவரைப் பெரியவர் ஒருவர் கைகாட்டிப் பின்னால் அனுப்பினார். அருகில் நின்ற நாம் வாய் திறக்கவில்லை. அவர் செய்தது சரியென்றே அன்று எண்ணினோம். அடுத்த வக்திற்கு அந்த இளைஞர் வரவில்லை.

முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் ஓரிரவு நபி (ஸல்) அவர்களின் விருந்தினராக இருந்தார்கள். மீசை நீண்டிருந்தது. இறைச்சியைச் சுடச் செய்து, தம் கையாலேயே விருந்தினருக்கு அறுத்துக் கொடுத்த நபியவர்கள், மீசையின் கீழ் ஒரு மிஸ்வாக்கை வைத்து அதன்மேல் அளவாகக் கத்தரித்துவிட்டார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம்.