ஊர்ப் பணத்துக்கும் கணக்கு உண்டு, கேட்போம் வாருங்கள்!

மாதம் பிறந்து சம்பளப் பணம் கைக்கு வந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? பால், மளிகை, கரண்ட் பில், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று தனித்தனியே ஒதுக்கி விடுகிறோம். திடீரென்று ஜுரம், வயிற்றுவலி என்றால் இருக்கட்டும் என்று அஞ்சறைப் பெட்டிக்குள் கொஞ்சம் மடித்து வைக்கிறோம். கிரைண்டர் வாங்கும்போதே, அது ரிப்பேரானால் யாரைக் கூப்பிடுவது என்றும் விசாரித்துக் கொள்கிறோம். திட்டமிடுதல், நிதி ஒதுக்கீடு, பராமரிப்பு என்று பெரிய பெரிய வார்த்தைகளில் சொல்கிறார்களே, அதெல்லாம் இதுதான்!

ஒரு ஊராட்சியும் இதே வேலையைத்தான் செய்ய வேண்டும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஊருக்கு நாலாயிரம் பேர், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஊர்க் கணக்கு என்றதும், "அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று நாம் நகர்ந்து விடுகிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது யார்? சாக்கடை தேங்கி, குழந்தைக்குப் பேதி கண்டால் ராத்திரி பூராவும் கண் விழிப்பது யார்? கஷ்டம் மட்டும் நமக்கு, கணக்கு மட்டும் அவர்களுக்கா?

கட்டினால் மட்டும் போதுமா?

என் நாத்தனார் ஒரு சின்ன ஊராட்சியில் ஐந்து வருஷம் வார்டு மெம்பராக இருந்தவள். எட்டாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் விஷயம் தெரிந்தவள். ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது சொன்னாள்:

"அண்ணி, எங்க ஊர்ல புதுசா ஓவர்ஹெட் டேங்க் கட்டினாங்க. மாலை, மேளம் எல்லாம் உண்டு. ஆனா மோட்டார் போடற ஆள் யாரு, அவருக்குச் சம்பளம் எங்கேருந்து, கரண்ட் பில்லை எதுல கட்டறது, இதையெல்லாம் ஒருத்தரும் எழுதி வைக்கலை. எட்டு மாசம் டேங்க் சும்மாவே நின்னுது. அடியிலே ஆடு கட்டினாங்க!"

சிரிப்பாக இருந்தாலும், யோசித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. அங்கே பணம் இல்லாமல் போகவில்லை. பணத்தை எப்படிப் பயனாக மாற்றுவது என்ற வித்தை போதவில்லை. எது முதலில் வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும், கட்டிய பிறகு யார் பார்த்துக்கொள்வது, கணக்கை யாரிடம் காட்டுவது என்று நாலே கேள்விகள். இந்த நாலுக்கும் விடை எழுதத் தெரிந்த ஊராட்சியில் தண்ணீர் வரும். தெரியாத ஊராட்சியில் டேங்க் மட்டும் நிற்கும்.

சாவி கையில் வந்தது, ஆனால்...

உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் நடத்த வேண்டும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் தர வேண்டும், பணத்தைப் பங்கிட மாநில நிதிக்குழு அமைக்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. குடிநீர், சுகாதாரம், சாலை, பெண்கள் குழந்தைகள் நலம், ரேஷன் விநியோகம் என்று 29 துறைகளை உள்ளாட்சிகளிடம் விடலாம் என்ற பட்டியலும் அதில் உண்டு. நம் தமிழ்நாட்டில் 1994-ல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. 2016-ல் பெண்களுக்கான இடம் 50 சதவிகிதமாக உயர்ந்தது.

ஆனால் புதுப் பெண்ணின் கையில் கொத்துச்சாவியைக் கொடுத்துவிட்டு, அரிசி எந்த டின்னில், உளுந்து எந்த டப்பாவில் என்று காட்டாமலே மாமியார் ஊருக்குக் கிளம்பிவிட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? ஜெயித்து வந்த எத்தனையோ தலைவிகளின் கதி அதுதான். பதிவேடு ஒரு பக்கம் மிரட்டும், மதிப்பீடு ஒரு பக்கம் மிரட்டும். கடைசியில் "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்து விடுவார்! அது வீட்டுக்காரராகவும் இருக்கலாம், வெளியாளாகவும் இருக்கலாம்.

பக்கத்து மாநிலத்தின் பாடம்

இந்த வித்தையை ஊர் ஊராகக் கற்றுக் கொடுக்கலாம் என்று துணிந்து இறங்கியது நம் பக்கத்து வீடான கேரளம். 1996 ஆகஸ்ட் 17, அவர்களுடைய சிங்கம் மாதத்தின் முதல் தேதி, அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதம் வரை உள்ளாட்சிகளிடம் கொடுப்பது, எதற்குச் செலவு செய்வது என்பதை அவர்களே தீர்மானிப்பது என்று ஏற்பாடு. "முதலில் கற்றுக்கொள்ளட்டும், பிறகு பணம் தரலாம்" என்று காத்திருக்கவில்லை. பணம் வருகிறது என்று தெரிந்தால்தான் கற்றுக்கொள்ளும் வேகமே பிறக்கும் என்று நினைத்தார்கள். நீந்தக் கற்க வேண்டுமானால் தண்ணீரில் இறங்கத்தானே வேண்டும்!

முதல் படி கிராம சபை. வார்டு வாரியாக, லீவு நாளாகப் பார்த்து, பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில் கூடினார்கள். மேடைப் பேச்சைச் சீக்கிரம் முடித்துவிட்டு, குடிநீர், விவசாயம், சுகாதாரம், கல்வி, பெண்கள் நலம் என்று சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். இது நல்ல யோசனை. ஐநூறு பேர் நடுவே எழுந்து பேசக் கூச்சப்படும் பெண், இருபது முப்பது பேர் உள்ள வட்டத்தில் வாயைத் திறப்பாள் அல்லவா?

இரண்டாவது படி, ஊருக்கு ஒரு 'ஜாதகம்' எழுதுவது. எத்தனை கிணறு, எது வற்றியது, எந்த நிலத்தில் என்ன விளையும், எத்தனை வீட்டில் கழிப்பறை இல்லை என்று ஆபீஸ் ஆபீஸாக விவரம் சேகரித்து, ஊரையும் நடந்து பார்த்து, ஒவ்வொரு ஊராட்சியும் தன் வளர்ச்சி அறிக்கையைப் புத்தகமாகவே அச்சிட்டது. ஊரின் சரித்திரமும் அதில் சேர்ந்தது.

மூன்றாவது படி, அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு கருத்தரங்கு. நாலாவது படிதான் கஷ்டமானது. ஆசைகளைத் திட்டங்களாக மாற்றுவது! துறைக்கு ஒரு குழு உட்கார்ந்து, இது எதற்கு, யாருக்குப் பயன், எவ்வளவு செலவு, யார் நடத்துவது, யார் மேற்பார்வை என்று எழுத வேண்டும். என் நாத்தனார் ஊரில் விட்டுப்போனதெல்லாம் இந்தக் கேள்விகள்தான்.

இதற்காக மாநில அளவில் ஏறக்குறைய 600 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லித் தர, அவர்கள் ஊர்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குச் சொல்லித் தந்தார்கள். உறை மோரிலிருந்து உறை மோர் எடுத்து ஊர் பூராவும் தயிர் தோய்த்தது போலத்தான்! திருச்சூரில் 1990-ல் தொடங்கிய கிலா என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிலையம், இன்றும் மெம்பர்களுக்கும் அலுவலர்களுக்கும் பாடம் நடத்துகிறது.

தப்பு வந்தபோது என்ன செய்தார்கள்?

முதல் வருஷமே எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. 1997-ல் எழுதி வந்த திட்டங்களைப் பரிசீலித்தபோது பலவற்றில் ஓட்டை. கணக்கு சரியில்லை, அளவு சரியில்லை, பராமரிப்புக்கு வழி சொல்லவில்லை. "உங்களுக்கெல்லாம் இது வராது" என்று பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ரிடையர் ஆன எஞ்சினியர்கள், டாக்டர்கள், விவசாய அதிகாரிகள் போன்றவர்களைத் தொண்டர்களாக அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் முன்வந்து, ஊர் எழுதிய திட்டங்களைத் திருத்திக் கொடுத்தார்கள். எது வேண்டும் என்ற முடிவு ஊருடையது, எப்படிச் செய்வது என்ற யோசனை நிபுணருடையது என்று எல்லை வகுத்துக்கொண்டது அழகான விஷயம்.

பெண்கள் விஷயத்திலும் முதலில் சறுக்கல்தான். ஆரம்ப சபைகளுக்கு வந்தவர்களில் பெண்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. அதனால் திட்டப் பணத்தில் குறைந்தது 10 சதவிகிதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று ஒதுக்கச் சொன்னார்கள். 1998-99 முதல் அது கட்டாயமாயிற்று. 1998-ல் குடும்பஸ்ரீ தொடங்கிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் அயல்கூட்டமாகச் சேர்ந்து, சேமிப்போடு ஊர் விஷயமும் பேசப் பழகினார்கள். தனியாகப் போனால் வாயைத் திறக்காதவள், பத்துப் பேரோடு போனால் கேள்வியே கேட்பாள்!

குறையே இல்லையா என்றால், உண்டு. முதல் உற்சாகம் வடிந்ததும் கிராம சபைகளுக்குக் கூட்டம் குறைந்தது. தெருவுக்குத் தெரு பணத்தைப் பங்கு போட்டு, பெரிய வேலை ஒன்றும் ஆகாத இடங்களும் இருந்தன. ஆனாலும் ஊராட்சிக்குத் திட்டம் போடத் தெரியாது என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை. கற்றுக் கொடுத்தால் வரும் என்று கண்ணால் பார்த்தாயிற்றே!

நம் ஊரில் நாம் என்ன செய்யலாம்?

சகோதரிகளே, நமக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டு நாட்களும் சேர்ந்து, வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள். ஊரின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்களும் சபையின் உறுப்பினர்தான். யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஊராட்சி தன் வரவு செலவை அங்கே வைக்க வேண்டும், ஊரின் வளர்ச்சித் திட்டத்துக்கும் அங்கே ஒப்புதல் வாங்க வேண்டும்.

எங்கிருந்து பணம் வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி போன்றவை ஊராட்சியின் சொந்த வருமானம். மாநில, மத்திய நிதிக்குழு மானியங்கள் வெளியிலிருந்து வருபவை. 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப் போட்டிருந்தார்கள். ஆளுக்குப் பாதியாக 30, 30. மீதி 40 சதவிகிதம் ஊரின் தேவைக்கு. ஆனால் சம்பளத்துக்கு அதைத் தொடக்கூடாது. அப்படியானால் அன்றாடச் செலவுக்குச் சொந்த வருமானம் எவ்வளவு முக்கியம், பாருங்கள்!

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஐநூறு வீட்டில் வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் குடிநீர்க் கட்டணம் என்றால் மாதம் 15,000 ரூபாய். முந்நூறு வீடுதான் கட்டுகிறது என்றால் 9,000 ரூபாய். விட்டுப்போன 6,000 ரூபாயில்தான் பிளீச்சிங் பவுடரும், மோட்டார் ரிப்பேரும் நின்று போகின்றன. கேள்வி கேட்கும் நாம் வரி ரசீதையும் கையில் வைத்திருந்தால் நம் குரலுக்குத் தனி பலம்!

சபைக்குப் போகும்போது இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. போன வருஷம் எவ்வளவு வந்தது, எதற்கு எவ்வளவு செலவாயிற்று, மிச்சம் எவ்வளவு?

2. போன சபையில் போட்ட தீர்மானங்களில் எத்தனை நிறைவேறின? நிறைவேறாதவை எங்கே நிற்கின்றன?

3. புதிதாகக் கட்டுவதற்கு முன்னால், இருக்கிற டேங்க், மோட்டார், கழிப்பறை, தெரு விளக்கு இவற்றின் பராமரிப்புக்கு இந்த வருஷம் என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள்?

4. டேங்கை எத்தனை நாளைக்கு ஒரு முறை கழுவுகிறார்கள்? குளோரின் தினமும் போடுகிறார்களா? தண்ணீரைச் சோதித்த விவரம் எங்கே?

நாலாவது கேள்வி கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு மிக முக்கியம். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், தண்ணீரைச் சோதிக்கும் பெட்டியை உபயோகிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால், "நாங்க வரோம், கத்துக் குடுங்க" என்று சொல்லுங்கள்!

கேட்பதைக் கோபமாகக் கேட்க வேண்டாம். "ரோடு வேணும்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லவும் வேண்டாம். "கிழக்குத் தெருவில் பதினெட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை, ஆறு மாசமாக இப்படி, இது முதல் தேவை" என்று எண்ணிக்கையோடு சொன்னால் அது அப்படியே தீர்மானமாகும். எழுதிய தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். வெறும் பக்கத்தில் போட்டுவிட்டு வராதீர்கள்.

உங்கள் ஊரில் ஒரு பெண் தலைவியாகவோ மெம்பராகவோ வந்தால், குறை சொல்வதற்கு முன் கூட உட்கார்ந்து கணக்கைப் பாருங்கள். மகளிர் குழுவில் வரவு செலவு எழுதும் பெண்ணைத் துணைக்கு அனுப்புங்கள். பயிற்சிக்குக் கூப்பிட்டால் அந்த இரண்டு நாள் அவள் பிள்ளைகளை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் பெரிய ஊர்ச்சேவைதான்.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பாருங்கள். அதற்குள் உங்கள் தெருவில் எத்தனை குழாய், எத்தனையில் தண்ணீர் வருகிறது என்று ஒரு சாயங்காலம் நடந்து எண்ணி எழுதுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு, அந்தத் தாளோடு போய் முன்வரிசையில் உட்காருங்கள்!