ரிங் மட்டும் மாற்றினால் போதுமா? ஒரு பழைய ஜீப் இன்ஜினை வீட்டில் பிரித்த கதை

சென்ற மாதம் வேங்கிக்காலில் என் வீட்டுக் கொட்டகையில் ஜீப்பின் இன்ஜினை இறக்கிய காட்சியை வெளியிட்ட நாள் முதற்கொண்டு, ஜவ்வாது மலையில் வண்டி ஓட்டுகிறவர்களும், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்து தகப்பனாரின் பழைய வாகனத்தை உயிர்ப்பிக்க விரும்புகிறவர்களும், "ஐயா, புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது, ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது ஃபுல் போர் வேலை செய்ய வேண்டுமா?" என்னும் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று அதற்கு மட்டும் விடை சொல்ல உத்தேசம். நான்கு ஸ்ட்ரோக் என்றால் என்ன, பிஸ்டன் எதற்காக மேலும் கீழும் போகிறது என்பவற்றையெல்லாம் நீங்கள் அறிவீர்கள் என்று கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் மேசைமேல் இருப்பது மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பின் டீசல் இன்ஜின். 1947இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், பிற்காலத்தில் பிரான்ஸ் தேசத்துப் பெஜோ நிறுவனத்தின் உரிமம் பெற்று இந்நாட்டிலேயே வார்த்த யந்திரம் இது; பெயர் எக்ஸ்.டி.பி. 4.90. இந்தப் பெயரைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 90 மில்லிமீட்டர் என்பதே அதன் பொருள். பிஸ்டன் பயணம் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2112 சி.சி. பிறக்கும்போதே தன் அளவைத் தன் பெயராகச் சூட்டிக்கொண்டு வந்த ஒரு யந்திரத்தை, அளந்து பார்க்காமலே பிரித்து, அளந்து பார்க்காமலே பொருள் வாங்கி, அளந்து பார்க்காமலே பூட்டுகிற வழக்கம் நம்மிடையே எப்படி வேரூன்றிற்று என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது.

பின்னால் வந்த ஜீப்புகளிலும் பொலீரோவிலும் இருக்கும் 2523 சி.சி. எம்.டி.ஐ. இன்ஜின் வேறு வம்சத்தது. அதன் விட்டம் 88.9, பயணம் 101.6 மில்லிமீட்டர். இந்தப் பின்ன எண்கள் ஏன் என்று கேட்டால், அவை மூன்றரை அங்குலமும் நான்கு அங்குலமும். நம் ஊர் நிலங்களை உழுத இன்டர்நேஷனல் டிராக்டரின் வழிவந்த இன்ஜின் அது. ஒன்று மில்லிமீட்டரில் பிறந்தது, மற்றொன்று அங்குலத்தில் பிறந்தது. லேத் பட்டறையில் 'பத்து' என்றால் பத்துத் தவு, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு. பிஸ்டன் பெட்டியின் மேல் 0.25 என்று அச்சிட்டிருப்பதும் ஏறத்தாழ அதுவே. இந்த இரு மொழியும் அறியாமல் கடைக்குப் போகிறவர் குழம்பித்தான் திரும்புவார்.

இனி, பிரிப்பதற்கு முன்னால் புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நாசில் ஒழுகலாம், ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், பம்ப்பின் டைமிங் நகர்ந்திருக்கலாம். அதற்காக இன்ஜினைப் பிரிப்பது, தலைவலிக்காக வயிற்றைக் கிழிப்பது போன்ற காரியம். நான்கு நாசிலையும் கழற்றிப் பம்ப் கடையில் சோதனை செய்துவிட்டு வாருங்கள். வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசலோ, கேஸ்கட் வழியாக இறங்கும் நீரோ என்று பார்க்க வேண்டும். நீலப் புகை வந்து, ஆயில் குறைந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று கேஸ் அடித்தால் மாத்திரமே ரிங்கைப் பற்றிய பேச்சுக்கு இடம் உண்டு.

அந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். என் இளமையில் டிராக்டர் வேலை கற்றுத் தந்த முதிய மெக்கானிக் ஒருவர், நான் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "அண்ணே, வழுவழுன்னு நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னபோது, கையைப் பிடித்து வெளியே எடுத்து, "தம்பி, வெரலுக்குக் கண்ணு இல்ல; அளந்து பாருங்க" என்றார். எத்தனை ஆண்டுகள் கழிந்தும் இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வழுவழுப்பாக இருப்பதே தேய்மானத்தின் அடையாளம் என்பதை விரல் எப்படி அறியும்?

போர் கேஜ் வீட்டில் இல்லையே என்பீர்கள். வேண்டாம். ஒரு ஃபீலர் கேஜும், ஒரு பிஸ்டன் ரிங்கும், பள்ளிக்கூடத்தில் படித்த கணிதமும் போதும். ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, அதன் தலையால் ரிங் கோணாதபடி அடிவரை தள்ளுங்கள். ரிங் பயணம் செய்யாத அந்த அடிப்பகுதி தேய்வதில்லை. அங்கே ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ரிங்கை மேலே கொண்டுவந்து, மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் மறுபடி அளவெடுங்கள். தேய்மானம் அதிகமாக இருப்பது அங்கேதான். உஷ்ணமும் அழுத்தமும் மிகுந்து, ஆயில் மிகக் குறைவாக எட்டும் இடம் அது. இந்த இரு இடைவெளிகளின் வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால், விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கிடைத்துவிடும். வட்டத்தின் விட்டம் பெருகினால் சுற்றளவு அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாகப் பெருகும் என்னும் எளிய உண்மை, கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி நமக்குக் காட்டுகிறது.

என் இன்ஜினின் மூன்றாம் சிலிண்டரைச் சொல்கிறேன். அடியில் இடைவெளி 0.45, மேலே 1.05, வித்தியாசம் 0.60, வகுத்தால் 0.19 மில்லிமீட்டர். விரலுக்கு வழுவழு என்றிருந்த சிலிண்டர் இதுதான். இதில் புது ரிங்கைப் போட்டால் என்ன ஆகும்? நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும்போது பிஸ்டன் ஒரு விநாடிக்கு நூறு முறை தன் பாதையைக் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் ரிங் மேலே விரிந்தும் கீழே சுருங்கியும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் திறந்து மூட வேண்டும். ரிங் எத்தனை நாள் தாங்கும்? அதுவுமன்றி, சிலிண்டரின் உச்சியில் ரிங் எட்டாத இடத்தில் தேயாமல் நின்ற சிறு திட்டு ஒன்று இருக்கும். பழைய ரிங் அதற்கேற்பத் தேய்ந்து விலகிப் பழகியிருக்கும். கூர்மையான விளிம்புள்ள புது ரிங் நேரே போய் அதில் முட்டி உடைந்துபோகும். ஆகவே, இந்தச் சிலிண்டருக்கு ரிங் மட்டும் போதாது. முதல் சிலிண்டரில் அளவு வேறாக இருந்தது என்றாலும், ஒன்று கெட்டபின் நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான் முறை. உங்கள் வண்டிப் புத்தகத்தில் குறித்த வரம்புக்குள் நான்கு சிலிண்டரும் இருந்தால், திட்டை நீக்கி, ஹோனிங் செய்து, ரிங் மட்டும் மாற்றலாம். அதில் தவறொன்றும் இல்லை. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: சிலிண்டர் முட்டை வடிவமாகத் தேய்ந்திருப்பதை இந்த வழி காட்டாது. அதற்குப் போர் கேஜ் கொண்டு, மூன்று உயரங்களில் இரு திசைகளில் அளவெடுத்துத் தரும்படி லேத் பட்டறையைக் கேளுங்கள். கடைவதானால் பிஸ்டன் செட்டை முதலில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைய வேண்டுமேயன்றி, பெட்டியின் மேலுள்ள எண்ணை நம்பிக் கடையக் கூடாது.

பிரான்ஸ் தேசத்து இன்ஜின் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அது நம் மண்ணைத் தொடுவதால் சொல்லாமல் போக மனமில்லை. 1900இல் பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியில், ருடால்ப் டீசல் கண்ட இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த இன்ஜின் அது. பிரெஞ்சு அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி, ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கடலையை அங்கேயே எரிபொருளாக்க முடியுமா என்று அறிவதற்காகச் செய்த பரீட்சை என்று டீசலே பின்னாளில் எழுதியிருக்கிறார். கனிம எண்ணெய்க்காகச் செய்த இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டியபோது, வேறுபாட்டைக் கண்டுகொண்டவர் சிலரே என்பது அவர் சொன்ன செய்தி. ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் வட ஆர்க்காட்டு, தென் ஆர்க்காட்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. நம் காட்டு மல்லாட்டை பிரான்சுக்குப் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்துப் பிரான்சின் இன்ஜின் நம் காட்டு வழிகளில் மல்லாட்டை மூட்டை சுமக்க வந்தது. இதைக் கேட்டுவிட்டு எவரும் செக்கு எண்ணெயை டாங்கியில் ஊற்றிவிட வேண்டாம். அதன் கெட்டித்தன்மைக்கு நாசில் அடைத்து, ரிங் காடியில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும்.

ரிங் காடி என்றேன் அல்லவா? அந்தக் காடியையும் அளக்க வேண்டும். பழைய பிஸ்டனையே மறுபடி உபயோகிக்க நினைப்பவர்கள், புது ரிங்கைக் காடியில் வைத்து, மேல்பக்க இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். காடி தேய்ந்திருந்தால் புது ரிங் அதில் ஆடிக்கொண்டு ஆயிலை மேலே இறைத்துக்கொண்டே இருக்கும். ரிங் மட்டும் மாற்றி ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி நீலப் புகை வந்ததாக எழுதிய நண்பர்கள் இதை அளந்திருப்பார்களா என்பது சந்தேகமே. இன்னொன்று, தேய்ந்ததற்குக் காரணம் எது என்பதையும் தேட வேண்டும். ஏர் கிளீனரிலிருந்து வரும் ரப்பர் குழாயில் விரற்கடை அளவு வெடிப்பு இருந்தால், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் ஏறி இறங்கும் வண்டி உள்ளே இழுக்கும் புழுதி, நீங்கள் செய்த போர் வேலை முழுவதையும் சில மாதங்களில் அரைத்துத் தின்றுவிடும்.

நேரம் குறைந்துவிட்டது. இன்று பௌர்ணமி, இன்னும் சிறிது நேரத்தில் கிரிவலத்துக்கு வரும் பேருந்துகள் வேலூர்ச் சாலையில் நிறைந்துவிடும், பிறகு ஒலிப்பதிவு இயலாது. பூட்டும்போது கவனிக்க வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கழற்றும்போதே கனெக்டிங் ராடின் மூடிகளுக்கும் மெயின் பேரிங் மூடிகளுக்கும் பஞ்ச் குறி இடுங்கள். ஒன்றின் மூடி மற்றொன்றுக்குப் போகவே கூடாது, திரும்பியும் போகக் கூடாது. பம்பைக் கழற்றுமுன் அது நிற்கும் கோணத்துக்கும் டைமிங் கியருக்கும் குறி. கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளக்கச் செய்து, கடைந்தால் அதற்கேற்ற பேரிங். லேத்திலிருந்து வந்த பிளாக்கைச் சோப்பு நீரும் பிரஷும் கொண்டு, வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டாத வரை கழுவி, உடனே ஆயில் பூசுங்கள். டீசலால் மட்டும் கழுவினால் ஹோனிங் தூள் போகாது. புது ரிங்கின் இடைவெளியையும் அளந்த பிறகே பிஸ்டனில் ஏற்றுங்கள். ரிங்குகளின் இடைவெளிகள் ஒரே நேரில் நிற்கலாகாது. ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, மூன்று தடவையாக, டார்க் ரெஞ்சால். ஸ்டாப் கேபிளை இழுத்தபடி செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைந்த பின்பே டீசலைத் திறந்து ஏர் எடுங்கள். அப்போது நாசில் பீய்ச்சும் இடத்தில் கையை நீட்டாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒருவர் பலகையோடு காற்று உள்ளே போகும் வாயருகே நிற்கட்டும். இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடினால் அதை மூடித்தான் நிறுத்த முடியும். ஓடத் தொடங்கியபின் மணிக்கணக்காக ஐட்லிங்கில் விடாதீர்கள், ரிங் படியாது. மிதமான சுமையோடு, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஆயில், ஃபில்டர் இரண்டும் மாற்றவும். அன்றே டேப்பட் இடைவெளியையும் மறுபடி பாருங்கள். இன்லெட்டுக்கு ஒரு கணக்கு, எக்ஸாஸ்டுக்கு ஒரு கணக்கு, இரண்டும் உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கின்றன. ஹார்ன் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.