ஒலிப்பதிவு அறையைச் சோதிப்பது எப்படி?

பாட்டையோ பாடத்தையோ வீட்டிலேயே பதிவு செய்வோர் இன்று பலர். நல்ல ஒலிவாங்கி இருந்தும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பதிவாவதுண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் அறையே. நேரில் கேட்கும்போது நம் இரு செவிகளும் மூளையும் சேர்ந்து சுவர்களின் எதிரொலியை ஓரளவு ஒதுக்கிவிடுகின்றன. ஒலிவாங்கிக்கு அத்திறன் இல்லை. குரலோடு கலந்துவிட்ட முழக்கத்தைப் பின்னர் முற்றிலும் பிரித்தெடுப்பதும் அரிது. ஆகவே முதலில் அறையைச் சோதிக்க வேண்டும்.

சபைன் கண்ட விதி

இத்துறைக்கு அடிகோலியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் திறக்கப்பட்ட ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஏறத்தாழ ஐந்தரை வினாடி தங்கி, அடுத்த சொற்களை மூழ்கடித்தது. சபைன் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தை இரவுதோறும் அளந்தார். அவர் கண்ட விதி இது:

எதிர்முழக்க நேரம் = 0.16 × கன அளவு ÷ மொத்த உட்கவர்தல்

ஒலிச்செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபல் குறைய ஆகும் காலமே எதிர்முழக்க நேரம். தன்மேல் விழும் ஒலி முழுவதையும் வெளியேவிடும் 1 சதுர மீட்டர் திறந்த சன்னலே உட்கவர்தலின் அலகு.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வெற்றறையைக் கொள்வோம். கன அளவு 36 கனமீட்டர். உட்பரப்பு 66 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் ஒலியில் சுமார் 3 விழுக்காட்டையே உட்கவரும் எனில், மொத்த உட்கவர்தல் சுமார் 2 அலகு. எதிர்முழக்க நேரம் சுமார் 2.9 வினாடி. பேச்சைப் பதிவு செய்ய இதை 0.4 வினாடிக்குக் குறைக்க விரும்பினால், மொத்தம் 14.4 அலகு உட்கவர்தல் தேவை.

மூன்று சோதனைகள்

முதலாவது, கைதட்டல். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மாறிமாறி மோதினால் 'கிர்ர்' என்ற அதிர்வு கேட்கும். 3 மீட்டர் இடைவெளியில் அது வினாடிக்கு ஏறத்தாழ 57 முறை சென்று திரும்புகிறது.

இரண்டாவது, பலூனை உடைத்துப் பதிவு செய்தல். கணினித் திரையில் அலையின் வீச்சு பத்தில் ஒரு பங்காகக் குறையும் நேரத்தை அளக்கவும். இது 20 டெசிபல் வீழ்ச்சி. அந்நேரத்தை மூன்றால் பெருக்கினால் எதிர்முழக்க நேரம் தோராயமாகக் கிடைக்கும்.

மூன்றாவது, தாழ்ந்த சுரம். பெரிய ஒலிபெருக்கியை அறையின் மூலையில் வைத்து, 85 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொடர்ந்து எழுப்பவும். இதன் அலைநீளம் 4 மீட்டர். அதாவது அறையின் நீளம். நிலையலை உருவாவதால் சுவரருகிலும் நடுவிலும் ஒலி உரத்தும், இரு சுவர்களிலிருந்தும் 1 மீட்டர் தள்ளி மெலிந்தும் கேட்கும். வெப்பநிலைக்கேற்ப ஒலியின் வேகம் மாறுவதால், அதிர்வெண்ணைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம்.

எதை மாட்டுவது?

நுண்துளைப் பொருள் அலைநீளத்தின் கால் பங்கு தடிமனை நெருங்கும்போது நன்கு உட்கவரும். 1000 ஹெர்ட்ஸுக்கு இது 8.5 செ.மீ.; 85 ஹெர்ட்ஸுக்கோ 1 மீட்டர்! மெல்லிய திரையும் முட்டை அட்டையும் தாழ்ந்த ஒலியை அடக்காததன் காரணம் இதுவே. அவை தெருவின் இரைச்சலையும் தடுப்பதில்லை. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினால் பயன் கூடும். தாழ்ந்த சுரம் தொல்லை தந்தால், ஒலிவாங்கியை ஓரடி நகர்த்திப் பார்ப்பது செலவில்லாத மருந்து.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பலூன் சோதனையைத் திரும்பச் செய்து, அளவுகளை ஏட்டில் குறித்து வாருங்கள். காசு செலவிடுமுன் எது பயன் தருகிறது என்பதை அந்த எண்களே சொல்லும்.