உலரும் துளியில் உருவாகும் சூரிய மின்கலம்

ஒளியை உறிஞ்சும் குறைகடத்திப் பொருளை நானோ துகள்களாக்கி, அவற்றைத் திரவத்தில் கலந்து மையாக்கி, இங்க்ஜெட் முறையில் கண்ணாடியின் மீதோ நெகிழித் தாளின் மீதோ அச்சிடுவது சூரிய மின்கலத் தயாரிப்பு முறைகளுள் ஒன்றாகும். செம்பு, இண்டியம், காலியம், செலினியம் ஆகியவை சேர்ந்த குறைகடத்தி இவ்வாறு மையாக்கப்படும் பொருள்களுள் ஒன்று. வழக்கமான சிலிக்கான் தகடு 100 மைக்ரோமீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டிருக்க, இப்பொருளுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் தடிமனே போதும். தேவையான இடத்தில் மட்டும் மை இடப்படுவதால் பொருள் வீணாவதும் குறைகிறது. ஆயினும் இப்படலத்தின் தரம், மை வந்து விழும் கணத்தைவிட, அது உலரும் விதத்தைப் பொறுத்தே அமைகிறது.

அச்சுமுனையிலிருந்து வெளிப்படும் ஒரு துளியின் அளவு சுமார் 10 பிகோலிட்டர், அதாவது ஒரு லிட்டரில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. அதன் விட்டம் 27 மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். தளத்தில் விழுந்து பரவும் துளியின் விளிம்பு, அங்குள்ள நுண்ணிய சொரசொரப்பிலும், தானே படியவிட்ட துகள்களிலும் சிக்கி நகராமல் நின்றுவிடுகிறது. துளியின் நடுப்பகுதியைக் காட்டிலும் விளிம்பிலிருந்து ஆவி எளிதாக வெளியேறுவதால் அங்கே திரவம் விரைவாகக் குறைகிறது. விளிம்பு உள்நோக்கிச் சுருங்க இயலாத நிலையில், அந்த இழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து திரவம் வெளிப்புறமாகப் பாய்ந்து, துகள்களையும் உடன் இழுத்துச் செல்கிறது. காப்பி சிந்திய இடத்தில் ஓரம் மட்டும் கருத்த வளையமாகக் காய்வதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் 'நேச்சர்' இதழில் இக்காரணத்தை விளக்கியதிலிருந்து இது காப்பி வளைய விளைவு என்றே அறியப்படுகிறது.

மின்கலத்தில் இவ்வளையம் வெறும் அழகுக் குறையன்று. துகள்கள் குறைந்து மெலிந்த நடுப்பகுதி ஒளியைப் போதிய அளவு உறிஞ்சுவதில்லை. அங்கே நுண்துளை விழுந்தால் மேலும் கீழும் உள்ள மின்வாய்கள் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படுகிறது. தடித்த விளிம்பிலோ, ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான்கள் மின்வாயை அடையுமுன்பே இழக்கப்படும் வாய்ப்பு மிகுகிறது.

இதைத் தடுக்க, கொதிநிலை வேறுபட்ட இரு கரைப்பான்களைக் கலப்பது பயனுள்ள வழியாகும். நீர் 100 டிகிரி செல்சியசிலும் எத்திலீன் கிளைகால் 197 டிகிரியிலும் கொதிப்பதால், இவை கலந்த துளியின் விளிம்பில் நீர் முதலில் ஆவியாகி, கிளைகாலின் செறிவு கூடுகிறது. கிளைகாலின் பரப்பு இழுவிசை நீரினுடையதைவிடக் குறைவு. இழுவிசை குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்தை நோக்கிப் பரப்புத் திரவம் நகரும் இயல்புடையது என்பதால், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓர் எதிரோட்டம் எழுந்து துகள்களை மீண்டும் உள்ளே கொண்டுசேர்க்கிறது. மாரங்கோனி ஓட்டம் எனப்படுவது இதுவே. துகளின் வடிவமும் உதவக்கூடும்: உருண்டைக்குப் பதிலாக நீள்வட்ட வடிவத் துகள்களை இட்டால், அவை துளியின் மேற்பரப்பில் ஒன்றையொன்று பற்றி வலைபோலப் பின்னி, விளிம்பில் குவியாமல் நிற்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினர்.

விரைவாக உலரவேண்டும் என்பதற்காகத் தளத்தைச் சூடாக்குவது பல மைகளில் வளையத்தை மேலும் அழுத்தமாக்கிவிடுகிறது. ஆகவே ஒளியை நன்கு உறிஞ்சும் பொருளைக் கண்டறிவதோடு பணி முடிவதில்லை. கரைப்பான், துகள், வெப்பநிலை ஆகிய மூன்றையும் துளிக்குள் எழும் ஓட்டத்திற்கேற்பத் தேர்ந்தமைத்த மையே சீரான படலமாக உலர்ந்து, நல்ல மின்கலமாகப் பயன்தரும்.