ஆத்தங்குடிப் பூக்கல்

காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில், சூளையும் இன்றி, மின்சார யந்திரமும் இன்றி, சிமெண்டு, மணல், வண்ணப்பொடி, கண்ணாடி ஆகியவற்றையே முக்கிய சாதனங்களாகக் கொண்டு, வீட்டுத் தரைக்கான பூக்கற்களைக் கையாலேயே வார்த்தெடுக்கும் சிறு பட்டறைகள் இன்றும் நடந்து வருகின்றன. தேசாந்தரம் சென்று திரவியம் ஈட்டி, பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் கப்பலில் தருவித்து மாளிகை எழுப்பிய செட்டிநாட்டு நகரத்தார், அந்த மாளிகைகளிலேயே இந்த உள்ளூர்க் கல்லையும் விரும்பிப் பதித்தார்கள் என்பது இதன் கௌரவத்துக்குப் போதிய சான்று.

இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, பூவேலையின் கோடுகளாக வளைத்த தகட்டு அச்சை அதன்மேல் பொருத்தி, சிவப்புக்கு ஓர் அறை, மஞ்சளுக்கு ஓர் அறை என்று வர்ணக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். ஊற்றி முடிந்ததும் அச்சைச் செங்குத்தாக மேலே தூக்க வேண்டும். கை சற்றுச் சாய்ந்தாலும் ஒரு வர்ணம் மற்றொன்றுக்குள் ஓடிவிடும். பிறகு, சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, அதன்மேல் கலவையைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். இவ்விதம் கல் குப்புறப் படுத்தபடியே உருவாவதால், அதன் முகம் கண்ணாடிப் பக்கம் மறைந்திருக்கிறது. தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறி, காய்ந்து, கண்ணாடி கழன்ற பின்னரே பளபளப்பு வெளிப்படுகிறது. அந்தப் பளபளப்பு மெருகுப் பூச்சினால் வந்ததன்று. கண்ணாடியின் வழவழப்பைக் கல் அப்படியே வாங்கிக்கொண்டதால் வந்தது.

இத்தொழிலுக்குப் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. ஒரு கொட்டகை, ஒரு தொட்டி, சில அச்சுகள், கண்ணாடிகள் இவை இருந்தால், கூலிக்குப் போய் வேலை பழகிய ஒருவர் தாமே பட்டறை போட்டு முதலாளியாகிவிடலாம். கைத்தொழிலாளிக்கு ஸ்வதந்திரமான ஜீவனத்தை அளிப்பது இத்தகைய எளிமையே என்பது என் திடமான அபிப்பிராயம். வீடு கட்டுகிறவர் பட்டறைக்கே வந்து, பூவையும் வர்ணத்தையும் பொறுக்கி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்; செய்கிறவரும் வாங்குகிறவரும் முகம் பார்த்துப் பேசி விலை முடிக்கும் இந்த ஏற்பாடு, தரகர்களை நம்பிப் பிழைக்கும் எத்தனையோ கைத்தொழில்களுக்கு வாய்க்காத பாக்கியம்.

ஆலையில் செய்த பளபளப்பான டைல்ஸ் மலிவாகப் பெருகியபோது இந்தப் பட்டறைகள் க்ஷீணித்தன. பழைய வீடுகளை விடுதிகளாக்கியவர்களும், புதிய வீடுகளுக்குப் பழைய அழகைத் தேடிய கட்டடக் கலைஞர்களும் மறுபடி நாடி வந்ததனால் அவற்றுக்கு உயிர் வந்தது. வந்த கீர்த்தியோடு ஒரு சங்கடமும் வந்தது: பீங்கான் டைல்ஸின் மேல் இந்தப் பூக்களை அச்சடித்து, 'ஆத்தங்குடி டிசைன்' என்று விற்கிறார்கள். அந்தப் பூ மேற்பரப்போடு சரி. கைவேலைக் கல்லிலோ வர்ணம் தனியொரு கனமான படலமாக உள்ளே இறங்கியிருப்பதால், தலைமுறைகள் நடந்தாலும் பூ அழிவதில்லை. நடக்க நடக்க மெருகேறுகிறது என்றே செட்டிநாட்டார் சொல்வார்கள்.

வீடு கட்ட உத்தேசித்திருப்பவர்கள் ஆத்தங்குடிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் கல் காயத் தாமதமாகும். ஆகையால், அஸ்திவாரம் போடும்போதே கல்லுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் வர்ணத்தில் சிறிது பேதமிருந்தால் குறை சொல்லாதீர்கள்; சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பதிப்பதற்கும் இந்தக் கல்லில் பழகிய ஆளையே அமர்த்துங்கள். பதித்த பின், தயவுசெய்து ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். தேங்காய் எண்ணெயைத் துளி தொட்டுத் துணியால் துடைத்தாலே போதும்.